அனலாக் வீட்டு ஒலிப்பதிவுக்கூடம்

அனலாக் வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் என்பது, காந்த நாடாவில் ஒலியைப் பதியும் பழைய கருவிகளை மையமாகக் கொண்டு, இசைக்கலைஞர் ஒருவர் தம் வீட்டின் ஓர் அறையிலோ புறக்கட்டிலோ அமைத்துக்கொள்ளும் பதிவுக்கூடம் ஆகும். பல்தட நாடாப்பதிவுக் கருவி, ஒலிக்கலப்பி, ஒலிவாங்கிகள், ஒலிபெருக்கிகள் ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். 1970கள் முதல் 1990களின் தொடக்கம் வரை வீட்டில் பல்தடப் பதிவு செய்ய ஏறத்தாழ இதுவே வழியாக இருந்தமையால் "அனலாக்" என்ற அடைமொழி அன்று தேவைப்படவில்லை. கணினிவழிப் பதிவு பரவிய பின்னரே இவ்வகைக் கூடம் தனிப்பெயர் பெற்றது.

செயற்படும் முறை

ஒலிவாங்கி, ஒலியலையைத் தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலை பதிவுத் தலை எனப்படும் சிறு மின்காந்தத்தின் வழியே பாயும்போது, அதனை உரசிச் செல்லும் நெகிழி நாடாவின் மேல் பூசப்பட்ட இரும்பு ஆக்சைடுத் துகள்கள் அதற்கேற்பக் காந்தமேறுகின்றன. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றும் இதனுடன் கலக்கப்படும். பயாஸ் எனப்படும் இம்மின்னோட்டம் இல்லையெனில் பதிவு சிதைந்து ஒலிக்கும். நாடா எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு தெளிவு கூடும். நாடாவும் அவ்வளவு விரைவாகத் தீரும். 762 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள், நொடிக்கு 38.1 செ.மீ. வேகத்தில் 33 நிமிடமே ஓடும்.

நாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பகுத்து, ஒவ்வொரு தடத்திலும் ஒரு கருவியையோ குரலையோ தனித்தனியே பதிவதே பல்தடப் பதிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிவுத் தலையும் கேட்புத் தலையும் சில செ.மீ. இடைவெளியில் இருப்பதால், முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே பாடினால் புதிய குரல் சற்றுப் பின்தங்கி நாடாவில் விழும். இடைவெளி 4 செ.மீ. ஆயின், மேற்கூறிய வேகத்தில் இப்பிந்தல் பத்தில் ஒரு நொடி அளவாகும். தாளம் கெட அது போதும். முந்தைய தடங்களைப் பதிவுத் தலையின் வழியாகவே கேட்கச் செய்து இச்சிக்கலைத் தீர்த்தனர்.

தடங்கள் போதாதபோது, மூன்று தடங்களில் உள்ளவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு, அம்மூன்றின் மேலும் புதிதாகப் பதிவது வழக்கம். ஒவ்வொரு முறையும் சீறொலி கூடும். மேலும், ஒருமுறை கலந்ததைப் பின்னர் பிரிக்க இயலாது. மிருதங்கம் எவ்வளவு ஒலிக்க வேண்டும், குரல் எவ்வளவு முன்னிற்க வேண்டும் என்பதைப் பாடலின் பாதியிலேயே முடிவு செய்தாக வேண்டும். கணினிப் பதிவில் இறுதிவரை தள்ளிப்போடக்கூடிய இம்முடிவுகளை நாடா உடனே கேட்டு வாங்கிவிடுகிறது. இவ்வகைக் கூடங்களை இன்றும் விரும்புவோர் நாடாவின் "இதமான" ஒலியையே பெரிதும் பேசுவர். அதிகச் செறிவில் நாடா ஒலியின் உச்சங்களை மெல்ல அமுக்குவது உண்மையே. ஆயினும் இசையை மாற்றும் ஆற்றல் இக்கட்டுப்பாட்டுக்கே மிகுதி எனலாம்.

வரலாறு

அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் இத்துறையின் முன்னோடி. 1949இல் பிங் கிராசுபி அளித்த ஆம்பெக்சு நாடாக் கருவியில் கூடுதல் தலை ஒன்றைப் பொருத்தி, ஒலியின் மேல் ஒலி பதியும் முறையை அவர் உருவாக்கினார். ஆம்பெக்சு நிறுவனம் செய்தளித்த எட்டுத்தடக் கருவி 1957இல் அவருடைய வீட்டுக்கு வந்தது. அன்று பெருநிறுவனங்களின் கூடங்களிலும் அத்தகைய கருவி அரிது. பீட்டில்சு குழுவின் புகழ்பெற்ற 1967ஆம் ஆண்டு இசைத்தொகுப்பும் நான்குதடக் கருவிகளிலேயே பதியப்பட்டது.

1970களில் சப்பானின் டீயாக் நிறுவனம் கால் அங்குல நாடாவில் இயங்கும் நான்குதடக் கருவிகளைச் சிறு கூடங்களுக்கு எட்டும் விலையில் விற்றது. 1979இல் அதே நிறுவனம் டாசுகாம் வரிசையில் வெளியிட்ட போர்ட்டாசுடூடியோ, சாதாரண ஒலிப்பேழையில் நான்கு தடங்களைப் பதிந்தது. ஒலிக்கலப்பியும் அப்பெட்டியிலேயே இருந்தது. பேழையை இரு மடங்கு வேகத்தில், ஒரே திசையில் மட்டும் ஓட்டியதால் அறுபது நிமிடப் பேழையில் பதினைந்து நிமிடமே கிடைத்தது. புரூசு இசுப்பிரிங்சுடீன் 1982இல் தம் வீட்டு அறையில் இக்கருவியில் மாதிரிக்காகப் பதிந்த பாடல்களே அவ்வாண்டு "நெப்ராசுகா" என்ற தொகுப்பாக வெளிவந்தன. 1980களில் பாசுடெக்சு நிறுவனம் அரை அங்குல நாடாவில் பதினாறு தடங்கள் வரை கொணர்ந்தது. 1992இல் விற்பனைக்கு வந்த அலெசிசு நிறுவனத்தின் ஏடாட் எண்ணிமப் பதிவுக் கருவி இக்காலகட்டத்தை முடித்துவைத்தது.

தமிழரிடையே

தமிழ்த் திரையிசை நெடுங்காலம் சென்னையின் பெரிய ஒலிப்பதிவு அரங்குகளைச் சார்ந்திருந்தது. அரங்கிற்கும் வாத்தியக் குழுவிற்கும் நேரக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். ஒரு மெட்டை மாற்றி மாற்றிப் பார்க்க நேரம் இராது.

இந்நிலையை மாற்றிய வீட்டுக்கூடம், ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்டு இன் ஆகும். மலையாளத் திரையிசையில் பணியாற்றிய அவருடைய தந்தை ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் வாழ்ந்தது. கூடத்தைக் கட்டிய பின்னர் கருவிகள் வாங்கப் பணமில்லை என்றும், தாயார் தம் நகைகளைக் கொடுத்தே முதல் ஒலிப்பதிவுக் கருவி வாங்கப்பட்டது என்றும் ரகுமான் பின்னாளில் கூறியுள்ளார். விளம்பர இசையில் தொடங்கிய இக்கூடத்திலிருந்தே 1992 ஆகத்து 15 அன்று வெளியான ரோஜா திரைப்படத்தின் இசை வந்தது. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. பஞ்சதனை முற்றிலும் அனலாக் கூடம் எனக் கூறவியலாது. சிந்தசைசரும் வரிசைப்படுத்தியும் அதன் இசையில் சமபங்கு பெற்றன. எனினும் நேரக்கணக்கின்றி இரவெல்லாம் ஒரே பாடலில் உழைக்கும் வசதி, வீட்டுக்கூடம் தந்ததே.

புலம்பெயர் தமிழரில், இலண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தம் முதல் மாதிரிப் பாடல்களைப் படுக்கையறையில், பழைய விலைக்கு வாங்கிய நான்குதட நாடாக் கருவியையும் இரவல் பெற்ற ரோலண்டு எம்சி-505 தாளக் கருவியையும் கொண்டு உருவாக்கினார். அவற்றின் வழி வந்த "அருளர்" தொகுப்பு 2005இல் வெளியானது.

பராமரிப்பு

பழைய கருவிகளை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். வட அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் 120 வோல்ட், 60 எர்ட்சு மின்சாரத்துக்கு உரியவை. இந்தியாவில் மின்மாற்றி வைத்து அழுத்தத்தைக் குறைக்கலாம். அதிர்வெண்ணை அது மாற்றாது. மின் அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுழலும் பழைய மோட்டார்கள் 50 எர்ட்சில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். வேறிடத்தில் பதிந்த நாடாவை அதில் போட்டால் சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். இதனால் மோட்டார்க் கப்பியை மாற்ற வேண்டிவரும். தலைகளை ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைப்பது, எஞ்சிய காந்தத்தை அவ்வப்போது நீக்குவது, இறுகிய இரப்பர் உருளைகளை மாற்றுவது ஆகியன அன்றாட வேலைகள்.

நாடாவின் பெரும்பகை ஈரப்பதம். 1970, 80களில் உற்பத்தியான பல நாடாக்களில் துகள்களைப் பிணைக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் நீரை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிறது. ஓட்டினால் கீச்சிட்டு, பூச்சு உரிந்து தலையில் ஒட்டும். உரிந்த ஒலி திரும்பாது. இத்தகைய நாடாவை 50 முதல் 55 பாகை செல்சியசில் பல மணிநேரம் சீராகச் சூடேற்றினால் சில வாரங்களுக்கு ஓட்டத்தக்கதாகும். அதற்குள் எண்ணிமப் படியெடுக்க வேண்டும். வீட்டு அடுப்பில் இதனைச் செய்யலாகாது. அசிட்டேட்டு நாடாக்களுக்கு இம்முறை கேடு விளைக்கும்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இச்சிதைவு விரைவு பெறும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் எனப் பரவிய கரிசல் நிலத்தில் காற்று கடற்கரையினும் வறண்டது. வடகிழக்குப் பருவமழை மாதங்களே அங்கு கவனத்துக்குரியவை. ஆனால் கோடை வெப்பம் நாடாவைச் சுருங்கி நெளியச் செய்யும். கரிசல் தூசி தலைகளைத் தேய்க்கும். ஓட்டுக் கூரைக்கு நேர் கீழான பரணில் பேழைகளையும் சுருள்களையும் வைப்பது தவறு. தரைத்தள உள்ளறையில், ஒலிபெருக்கிக் காந்தங்களிலிருந்து விலக்கி, உறையிலிட்டு நிமிர்த்தி வைப்பதே ஏற்றது. கோயில் கொடைகளிலும் கச்சேரிகளிலும் பதியப்பட்டு வேறு படியின்றி வீடுகளில் கிடக்கும் நாடாக்களுக்கும் இது பொருந்தும்.

புதிய நாடா இன்றும் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஏடிஆர் மேக்னெட்டிக்சு, பிரான்சின் ரெக்கார்டிங் த மாசுடர்சு ஆகியவை அதனைத் தயாரிக்கின்றன.