கொல்லைச் சுவரின் சின்னக் கதவு

சுவரில் தொங்கும் கக்கூஸ் ஒன்று வேண்டுமென்று எங்கள் வீட்டில் தீர்மானமாயிற்று. தீர்மானம் என்னுடையதல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பணம் மட்டும் என்னுடையது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் தாத்தா 1950-களில் கட்டிய வீடு இது. பழைய பீங்கான் தரைமேல் உட்கார்ந்திருந்தது. கழிவும் தரைக்குள் நேரே இறங்கிப் போயிற்று. புதியதற்குக் காலே கிடையாது. சுவரோடு ஓர் இரும்புச் சட்டத்தை முடுக்கி, தண்ணீர்த் தொட்டியை அதற்குள் ஒளித்து, முன்னால் ஓடு பதித்து மூடிவிடுகிறார்கள். வெளியே தெரிவது பீங்கானும் இரண்டு பொத்தான்களுமே. சின்னதை அமுக்கினால் மூன்று லிட்டர்; பெரியதை அமுக்கினால் ஆறு. கழிவு பக்கவாட்டில், எங்கள் கொல்லைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தத் துளைக்காகச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்த கொத்தனார் திடீரென்று கையை நிறுத்தினார்.

“இங்கே ஏற்கெனவே ஒரு வழி இருந்திருக்குதுங்க, சார். செங்கல் வெச்சு அடைச்சிருக்காங்க.”

குனிந்து பார்த்தேன். தரையை ஒட்டி, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சின்ன வாசல். மறுபுறம் குறுகலான சந்து. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. முன்பு கொல்லைக் கோடியில் தனியாக நின்ற எடுப்புக் கக்கூஸைத்தான் அப்பா பிற்பாடு வீட்டோடு சேர்த்துக் குளியலறையாக்கினார். இது அந்த எடுப்புக் கக்கூஸின் கதவு.

இதற்கென்று ஒரு சரித்திரம் உண்டு. கக்கூஸ் என்ற சொல்லே டச்சுக்காரர்கள் நமக்கு விட்டுப்போனது. 1596-ல் எலிஸபெத் ராணியின் ஞானப்பிள்ளையான ஜான் ஹாரிங்டன், தண்ணீர் விட்டுக் கழுவும் கக்கூஸைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் குழாய் வழியே மேலேறி வரும் நாற்றத்துக்கு அதில் தடையில்லை. அந்தத் தடையைக் கொடுத்தவர் லண்டனில் இருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர். 1775-ல் அவர் குழாயை ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப்போல் வளைத்தார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழேயுள்ள காற்று அதைத் தாண்டி மேலே வராது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு! இரண்டங்குலத் தண்ணீர்.

1964-ல் ஸ்விட்ஸர்லாந்தின் கெபரிட் கம்பெனி தொட்டியைச் சுவருக்குள் மறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆனாலும் எங்கள் புதிய பீங்கானைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே நாற்றத்தைத் தடுப்பது அதே தண்ணீர் வளைவுதான்.

நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மொஹஞ்சதாரோவில் வீட்டுக் கழிவுநீர் செங்கல் சாக்கடையில் ஓடியது. அப்படியிருக்க, 1775-ல் பிறந்த வளைவு எங்கள் கொல்லைக்கு வந்து சேர இருநூறு வருஷம் ஆவானேன்? தண்ணீர்ப் பஞ்சம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தாத்தா வீடு கட்டியபோது, 1934-ல் முடிந்த மேட்டூர் அணைக்கே வயது பல ஆகிவிட்டது. கொல்லையில் கிணறும் இருந்தது. காரணம் வேறு. வளைவு செய்ய வேண்டிய வேலையைச் செய்ய, விடியற்காலையில் சந்து வழியாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஆள் இருக்கும்போது யந்திரத்துக்கு யார் செலவு செய்வார்கள்?

லண்டனிலும் இரவில் மலம் அள்ளும் தொழிலாளிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளும் அதையே அள்ள வேண்டுமென்று பிறப்பு விதிக்கவில்லை. இங்கே விதித்தது. 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் கக்கூஸ் நாறிக் கிடந்தபோது, ‘அது தோட்டி வேலை’ என்று தொண்டர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். காந்தி தாமே துடைப்பத்தைக் கேட்டு வாங்கினார். ஆயினும், மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல்தான் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-ல் இன்னொன்று. சாக்கடையில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு முப்பது லட்ச ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இத்தனை சட்டத்துக்குப் பிறகும் சாவுக்கு விலை உயர்த்த வேண்டியிருந்தது!

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அந்தப் பெண்மணி வந்துகொண்டிருந்தாளாம்.

“அவள் பேர் என்னம்மா?”

முதல் கிரைண்டர் வாங்கிய வருஷமும் விலையும்கூட அம்மாவுக்கு மனப்பாடம். வெகுநேரம் யோசித்தாள்.

“எடுக்கிறவள் என்றுதான் சொல்லுவோம். பேர்... யாரும் கேட்டதில்லையேடா!”

மறுநாள் அந்தச் சின்ன வாசல் வழியாகவே நாலு அங்குலக் குழாயைச் செலுத்தினார்கள்.

“இது எங்கே போகுது, தம்பி?” என்று பிளம்பரைக் கேட்டேன்.

“செப்டிக் டேங்குக்குத்தானுங்க, சார்.”

“டேங்க் நிரம்பினால்?”

“லாரி வருமுங்க.”

“ஆள் இறங்க மாட்டானே?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இப்படி ஒரு கேள்வியை எந்த வீட்டுக்காரரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை போலும்.

“இறங்கவேண்டாம்னு நீங்கதானுங்க சார் சொல்லணும்” என்றான்.