தகடூர் நாட்டு நடுகற்களும் அவற்றைத் தேடியவர்களும்

சரித்திரம் என்றாலே அரண்மனையும் கோபுரமுமாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு தருமபுரி ஜில்லாவுக்கு வருகிறவர், கோட்டைப் பகுதியிலுள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலையும் அதியமான்கோட்டைப் பெருமாள் கோயிலின் ஓவியங்களையும் தீர்த்தமலையையும் பார்த்து முடித்த பிறகு, இவ்வளவுதானா என்று சிறிது ஏமாற்றத்துடன் திரும்பக்கூடும். அவர் வந்த வழியிலேயே, புளியமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் கேழ்வரகுக் கொல்லையின் வரப்பிலும், எண்ணெய் படிந்து கறுத்தும் சுண்ணாம்பு பூசப்பெற்று வெளுத்தும் நின்றுகொண்டிருந்த பலகைக் கற்களை அவர் கவனித்திருக்கமாட்டார். கவனித்திருந்தாலும் ஏதோ ஒரு கிராமதேவதை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். உண்மையில், பண்டைய தகடூர் நாட்டின் சரித்திரத்தை நமக்குச் சொல்லக்கூடிய மூல சாசனங்களில் மிகுதியானவை அந்தக் கற்களிலேதான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை எழுதப்பட்ட ஒழுங்கும், பின்னர் மறைந்த விதமும், மீண்டும் தேடிக் கண்டெடுக்கப்பட்ட வரலாறும் தமிழ்ச் சாசன ஆராய்ச்சியில் தனியாக எடுத்துச் சொல்லத்தக்கவை என்பது என் அபிப்பிராயம்.

போரில் இறந்துபட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் எழுதி, பீலி சூட்டிப் படையலிடுவது சங்ககாலத்திலேயே நிலைபெற்றுவிட்ட வழக்கம். தொல்காப்பியம் அதற்குரிய சடங்குகளைத் தகுந்த கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து தொடங்கி, அதைக் கொணர்தல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்று கிரமமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள கையறுநிலைச் செய்யுளிலும் அவனுக்கு நட்ட கல்லும் அதற்கு வைத்த படையலும் பேசப்படுகின்றன. ஆகவே இந்த ஜில்லாவில் நடுகல் என்பது வேறெங்கிருந்தோ வந்து புகுந்த பழக்கமன்று. இலக்கியத்தில் நாம் அறிகிற முதல் தலைவனோடேயே சேர்ந்து வருவது. 2006-ஆம் ஆண்டில் தேனி ஜில்லாவிலுள்ள புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றில் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற சொல்லே காணப்பட்டது. அதன் பிறகு, புலவர்கள் பாடியது வெறும் கற்பனை என்று சொல்லிவந்தவர்கள் சற்று அடங்கினார்கள்.

தருமபுரிப் பகுதியில் எழுத்தோடு கூடிய நடுகற்கள் பெருகிக் கிடைப்பது பல்லவர் காலந்தொட்டுப் பத்தாம் நூற்றாண்டு வரையில். மைசூர் மேட்டுநிலம் தமிழ்நாட்டுச் சமவெளியை நோக்கி இறங்கிவருகிற படிக்கட்டாக அமைந்த இந்தப் பிரதேசத்தில், கிழக்கேயிருந்து பல்லவர்களும் வடக்கேயிருந்து வாணர்களும் மேற்கேயிருந்து கங்கர்களும் பின்னாளில் நுளம்பர்களும் தத்தம் ஆட்சியை நீட்டியும் இழந்தும் வந்தார்கள். நஞ்சை குறைந்து மேய்ச்சல் மிகுந்த அந்நாளைய வாழ்வில் ஓர் ஊரின் செல்வம் என்பது அதன் மாட்டு மந்தையே. பெரிய அரசர்களின் எல்லைச் சண்டை இவ்வூர்களுக்கு வந்து சேரும்போது, பெரும்பாலும் அது மந்தையை ஓட்டிக்கொண்டு போதலும், போனதை மீட்கப் பின்தொடர்ந்து செல்லுதலுமாகிய வடிவத்தையே எடுத்தது. மந்தைக்குச் சாசனங்களில் ‘தொறு’ என்று பெயர். தொறுக் கொண்டபோது பட்டவனுக்கும், தொறு மீட்டுப் பட்டவனுக்கும், சில இடங்களில் புலியோடு பொருது இறந்தவனுக்கும் கல் நடப்பட்டது.

இக்கற்களின் வாசகத்தில் நான் பெரிதும் மதிக்கும் குணம், எடுத்துக்கொண்ட விஷயத்தை விட்டு அது விலகாமலிருப்பது. முதலில் அரசனுடைய பெயரும் அவனது ஆட்சியாண்டும், அடுத்து அந்த நாட்டை அவனுக்குக் கீழிருந்து ஆண்ட சிற்றரசன், பிறகு ஊர், யார் மீது யார் வந்தார், எதைக் கொண்டார் என்ற சம்பவம், அதில் பட்டவன் இன்னாருடைய சேவகன் இன்னான் என்ற குறிப்பு, முடிவில், இது அவனுடைய கல் என்ற சொல். அவ்வளவே. அரசனுடைய வம்சாவளி கிடையாது, வீரனுடைய அழகின் வர்ணனை கிடையாது, அவன் எய்திய சுவர்க்கத்தைப் பற்றிய சொல்லும் அரிது. கல்லின் முகத்தில் வில்லும் வாளுமேந்திப் பாய்கிற கோலத்தில் அவனைச் செதுக்கி, உடம்பில் தைத்த அம்புகளையும், காலருகே ஒரு கெண்டியையும் சிமிழையும் காட்டிவிட்டு, மிகுந்த இடத்தில் நாலைந்து வரிகளில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறான் எழுதியவன்.

இதற்கு நேர்மாறானவை சோழர்காலக் கோயிற்சாசனங்கள். முதலாம் ராஜராஜன் காலந்தொடங்கி, ஒரு விளக்குக்கு ஆடுகள் விட்ட செய்தியைச் சொல்வதற்குக்கூட, அரசன் வென்ற தேசங்களையெல்லாம் அடுக்கிய மெய்க்கீர்த்தியை முன்னே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. விளக்கு வைத்தவன் பெயரை அறிய விரும்புகிறவன், கடல் கடந்த யுத்தங்களையெல்லாம் கடந்துதான் அவனிடம் வந்துசேர வேண்டும். ஆயினும் இந்த மெய்க்கீர்த்திகளைக் குறைகூறுவதற்கு நமக்கு வாயில்லை. சோழப் பேரரசின் யுத்த வரலாற்றைச் சரித்திராசிரியர்கள் நிர்ணயித்தது பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான். விளக்கைத் தேடுகிறவனுக்கு இடையூறாக இருப்பது யுத்தத்தைத் தேடுகிறவனுக்குப் பொக்கிஷமாகிவிடுகிறது. ஆனால் ஓர் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தை அறிய வேண்டியவனுக்கு நடுகல்லைப் போன்ற நேர்மையான சாசனம் வேறில்லை.

அந்தக் கட்டுப்பாடும் வறட்டுக் கட்டுப்பாடு அன்று என்பதற்கு, எல்லைக்கு அப்பால் செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் ஒன்றே போதிய சான்று. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளின் பொருட்டுப் போராடிப் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவன் பக்கத்திலே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற செய்தி தனியே சில சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது. அரசனைப் பற்றி ஒரு சொல்லை மிகையாக எழுதச் சம்மதிக்காதவன் நாய்க்கு இடங்கொடுத்தான் என்றால், அந்தச் சண்டையில் நாயும் ஒரு பாத்திரம் என்று அவன் தீர்மானித்திருக்கிறான் என்றே கொள்ளவேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் அவனுக்கிருந்த தெளிவு இன்று எழுதுகிற நம்மில் பலருக்கும் இல்லை.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை எவ்வாறு மறைந்தன என்று கேட்கலாம். முதற்காரணம் எழுத்து. பல்லவப் பேரரசர்கள் பெயரைச் சொல்லுகிற கற்களாயினும், இந்த மேற்குப் பகுதியில் அவை பொறிக்கப்பட்டது பெரும்பாலும் வட்டெழுத்திலேதான். பகரமும் வகரமும் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் அந்த எழுத்து வழக்கொழிந்த பிறகு, கல்லின் சொந்தக்காரர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கே அது வெறும் கீறலாகிவிட்டது. நுளம்பர் காலத்துக் கற்களிலோ கன்னட மொழியும் கலந்து வருகிறது. இரண்டாவது காரணம் பக்தி. பட்ட வீரனை ஜனங்கள் மறக்கவில்லை. அவனை வேடியப்பனாக்கிக் கொண்டார்கள். இந்த ஜில்லாவிலும் செங்கம் பக்கத்திலும் வேடியப்பன் என்ற ஆண்பெயரும் வேடியம்மாள் என்ற பெண்பெயரும் இன்றளவும் சகஜமாக வழங்குவதற்கு மூலம் இந்தக் கற்களே. தெய்வமான கல்லுக்கு எண்ணெய்க்காப்பும் சுண்ணாம்பும் சந்தனமும் வருஷந்தோறும் ஏறின. வழிபாடு இருந்தமையால் கல் பிழைத்தது. அந்த வழிபாட்டினாலேயே எழுத்து மூடுண்டது. வழிபாடற்ற கற்களுக்கு நேர்ந்த கதி வேறு. அவை வாய்க்காலுக்குப் பாலமாகவும், துணி துவைக்கும் கல்லாகவும், வேலிச்சுவரில் ஓர் அடுக்காகவும் போய்விட்டன.

இனித் தேடியவர்களின் கதை. சென்னை அரசாங்கம் 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதரைச் சாசன ஆராய்ச்சியாளராக நியமித்து, அவருடைய முயற்சியால் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதி 1890-இல் பிரசுரமாயிற்று. அதற்குப் பின் ஆண்டுதோறும் படியெடுத்த சாசனங்களுக்கு வரிசையெண்ணிட்டு அறிக்கை வெளியிடும் ஏற்பாடும் நிலைபெற்றது. ஆண்டு வாரியாகச் சேர்ந்துகொண்டே போகும் ஆயிரக்கணக்கான குறிப்புக்களில் தம் ஊரைப் பற்றியது எது என்று எவராலும் கண்டுபிடிக்க இயலாத நிலை வந்தபோது, வி. ரங்காசாரியார் அவற்றையெல்லாம் ஜில்லா, தாலுகா, ஊர் என்ற முறையில் மறுபடி அடுக்கி, 1919-இல் மூன்று பெரும் பாகங்களாக வெளியிட்டார். ஒரு புதிய கல்லையும் கண்டுபிடிக்காத நூல் அது. ஆனால் கண்டுபிடித்தவையெல்லாம் இரண்டாம் முறை தொலைந்துபோகாமல் காத்தது. அட்டவணை தயாரிப்பதைக் குமாஸ்தா வேலை என்று இகழ்கிற புலவர்கள் அந்த மூன்று பாகங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

எனினும், அக்காலத்துத் தேட்டம் முக்கியமாகக் கோயில்களை நோக்கியதாகவே இருந்தது. சுவர் நிறையச் சாசனம் இருக்கும் ஆலயத்தை விட்டு, கொல்லைமேட்டில் தனியே நிற்கிற நாலு வரிக் கல்லைத் தேடிப்போக ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. 1961-இல் தமிழ்நாட்டு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை தோன்றி, இரா. நாகசாமியின் தலைமையில் ஊர் ஊராகத் தேடத் தொடங்கிய பிறகே இந்நிலை மாறிற்று. செங்கம் நடுகற்கள் 1972-இலும், தருமபுரிக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதி 1975-இலும் அத்துறையால் வெளியிடப்பட்டன. மயேந்திர பருமன் என்றும் சிங்கவிண்ண பருமன் என்றும் ஊர்வாய்மொழியை ஒட்டி எழுதப்பட்ட பெயர்களில், செப்பேடுகளில் அறிந்திருந்த பல்லவ அரசர்களைச் சரித்திர மாணாக்கர்கள் அடையாளங்கண்டு வியந்தது அப்போதுதான்.

மைப்படி எடுப்பது எளிய தொழிலன்று. முதலில் பூசாரியின் சம்மதம் வேண்டும். பல தலைமுறை எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று ஊராரை நம்பச் செய்யவேண்டும். பின்பு கல்லைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரக்காகிதத்தை அதன்மேல் விரித்து, எழுத்தின் பள்ளங்களில் காகிதம் போய்ப் பதியும்வரை தூரிகையால் மெல்லத் தட்டி, ஈரம் வற்றுகிற பக்குவம் பார்த்து மைப்பந்தால் ஒற்றவேண்டும். கறுப்புப் பரப்பில் எழுத்துக்கள் மட்டும் வெள்ளையாக எழும். காற்று வீசினால் காகிதம் கிழியும். வெயில் ஏறினால் உரிந்துவிடும். இவ்வளவும் செய்து எடுத்த படியில் ஒரு வரி மட்டும் சிதைந்திருக்குமானால், முன் சொன்ன அந்த ஒழுங்கு இங்கே துணைக்கு வருகிறது: ஆண்டுக்குப் பின் வரவேண்டியது சிற்றரசன் பெயர், அதன்பின் ஊர் என்று அறிந்தவர், எஞ்சிய இரண்டோர் எழுத்தைக்கொண்டு இன்ன சொல் என்று பெரும்பாலும் ஊகித்துவிடுவார். அடக்கமாகவும் முறையாகவும் எழுதப்பட்டமையாலேதான் அரசர் பெயர், நாட்டுப்பெயர், சேவகர் பெயர் என்று தனித்தனி அகராதி செய்யவும் இக்கற்கள் இடந்தருகின்றன.

ஒரே வரி எவ்வளவு செய்யும் என்பதை 1981-இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிச் சாசனம் காட்டிற்று. அது நடுகல் அன்று, துறவிகளுக்கு அளித்த பள்ளியைப் பற்றியது. அசோகச் சக்கரவர்த்தி தம் பாறைச் சாசனத்தில் சோழ பாண்டியர்களுக்கும் கேரளபுத்திரருக்கும் இடையே குறிப்பிட்ட சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுநாள் வாதித்திருந்தார்கள். பள்ளியை அளித்தவன் சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி என்று ஜம்பைக் கல் கூறியதும் அந்த வாதம் ஏறக்குறைய முடிந்தது. ஔவையைப் பாடவைத்த தகடூர்த் தலைவர்களின் குலம், அசோகனுக்கும் தெரிந்த குலமாயிற்று.

இப்போது தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் பல நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். புதியன கிடைக்கக் கிடைக்க, தஞ்சையிலிருந்து தொல்லியல் கழகத்தார் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழில் அவை பதிவாகின்றன. தேட விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும். தருமபுரி 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அதிலிருந்து 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகையால் ஊத்தங்கரைப் பக்கத்துச் சாசனங்களை நாடுகிறவர், ரங்காசாரியாரிடம் சேலம் என்ற தலைப்பிலும், 1975-ஆம் ஆண்டுத் தொகுதியில் தருமபுரி என்ற தலைப்பிலும், இன்றைய பிரசுரங்களில் கிருஷ்ணகிரி என்ற தலைப்பிலும் பார்க்கவேண்டியவராகிறார். கல்லில் எழுதியவர்களோ புறமலை நாடு என்றும் தகடூர் நாடு என்றுமே குறித்து வைத்தார்கள். ஜில்லாப் பெயரை ஒதுக்கிவிட்டு, யாரேனும் அந்தப் பழைய நாட்டுப் பெயர்களின்படியே இவற்றுக்குப் பொது அட்டவணை ஒன்று செய்து தருவாராயின், தேடுகிற வேலையில் பாதி குறையும்.