மலைத்தோட்டத்து வேதக்கோயிலும் அசனப் பந்தியும்

மூணாறுக்கு விருந்தினர் வந்தால் பழைய கற்கோயிலைக் காட்டாமல் அனுப்பமாட்டோம். 1910-இல் அடிக்கல் நாட்டி 1911-இல் திறந்த கிறிஸ்து ஆலயம் அது. அதையொட்டிய மேட்டில் எலினர் என்ற இளம் துரைசானியின் கல்லறை இருக்கிறது. 1894 டிசம்பரில் காலராவில் இறந்தவர். கோயில் எழும்புவதற்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. உள்ளே சுவரில் தோட்டத் துரைமார் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். நான் பாத்திர வியாபாரி. பித்தளையைக் கண்டால் விரல் தானாகத் தட்டிப் பார்க்கும். நல்ல கனமான தகடுகள்தான். ஆனால் அந்தத் தகடுகளை மட்டும் படித்துவிட்டு இந்த மலையின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறார்களே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

1877-இல் பூஞ்சாறு அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ குத்தகை எழுதி வாங்கிய மலை இது. காட்டை வெட்டவும் செடி வைக்கவும் கங்காணிமார் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். போடி வழியாக, கொட்டகுடி ஏற்றம் ஏறி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த சனங்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வேதக்காரர்கள். துரை கட்டிய கோயிலுக்குப் போய்த்தான் இவர்கள் கிறிஸ்தவர் ஆனார்கள் என்று நினைப்பது தவறு. மூட்டையோடு மூட்டையாக வேதத்தையும் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

அந்த வேதத்துக்குத் தெற்கே அதற்கு முன்பே நூறு வருஷப் பழக்கம் இருந்தது. 1799-இல் முதலூர் உண்டானது. புது மார்க்கத்தில் சேர்ந்ததற்காகச் சொந்த ஊரில் அடி வாங்கிய சனங்களுக்கு உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் அமைந்த குடியிருப்பு. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்கான சங்கம். எங்கள் சமண நூல்கள் தானம் நான்கு என்கின்றன: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். மிஷன் என்றால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என்றே நாம் பேசுகிறோம். நான்காவதாகிய அபய தானத்தைத்தான் தென்பாண்டிச் சனம் முதலில் கண்டது என்பது என் கருத்து.

லயத்து வீடுகளில் நான் பார்த்த பக்தி பெரிய பிரசங்கத்தில் இல்லை, அரிசிப் பானையில் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண், கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட வேண்டிய அவசரம், ஆனாலும் அந்தப் பிடி தவறாது. ஜெபம் சொல்ல நேரமில்லாத நாளிலும் அரிசி எடுத்து வைத்தாயிற்று. இல்லறத்தான் நாள்தோறும் செய்ய வேண்டிய ஆறு கடமைகளில் தானத்தையும் சேர்த்தவர்கள் எங்கள் ஆசாரியர்கள். எங்களில் எத்தனை பேர் நாள் தவறாமல் செய்கிறோம் என்று என்னைக் கேட்காதீர்கள்!

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. மலையாளத்து அன்பர்கள் மாதா கோயிலையும் ‘பள்ளி’ என்பார்கள், மசூதியையும் ‘பள்ளி’ என்பார்கள். அந்தச் சொல் பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தைக் குறித்தது. தோட்டத்தில் பாதிப்பேருக்குப் பூர்வீகமான கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்தில்தான் கழுகுமலை இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் நிறைந்த பாறை. அதை ‘மொட்டைச் சாமி’ என்று சொல்லிவிட்டு ஏறி வந்த சனம், இங்கே மலையாளி வாயால் ‘பள்ளி’ என்ற சொல்லைக் கேட்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

அடுத்தது அசனம். திருநெல்வேலித் திருச்சபைகளில் பண்டிகையன்று சபையார் எல்லோரும் கூடி உண்ணும் விருந்துக்கு இந்தப் பெயர். ‘அசனம்’ என்றால் வடமொழியில் உணவு. உண்ணாநோன்பை நாங்கள் ‘அனசனம்’ என்போம். புறத்தவங்களில் முதலாவது அது. அவர்கள் கூடி உண்பதை வழிபாடாக்கினார்கள், நாங்கள் உண்ணாதிருப்பதை. இரண்டு பக்கமும் ஒரே வேர்ச்சொல்! பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி ஊரில் எவ்வளவு பெரிய கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து அசனத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் அடங்கிவிட்டது. பெண் எடுப்பதில், கொடுப்பதில் அடங்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா.

கத்தோலிக்கர் வரலாறு வேறு வழியில் போகிறது. மூணாறு கார்மல் மாதா கோயில் 1898-இல் தோன்றியது. ஹைரேஞ்சின் முதல் கத்தோலிக்கக் கோயில், 2024-இல் பசிலிக்கா ஆயிற்று. பூசை லத்தீனில் நடந்த காலம்வரை தமிழனுக்கும் புரியாது, மலையாளிக்கும் புரியாது, ஆகவே சண்டை இல்லை. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அவரவர் மொழியில் பூசை வந்தது. எந்த மொழி, எத்தனை மணிக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கேரளத்தில் இருந்துகொண்டே கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் இருந்தார்கள். 2013 டிசம்பர் 28-இல்தான் கோயம்புத்தூரிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் ஏற்பட்டது. தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது சின்ன ஆசை இல்லை. எல்லையில் வாழ்கிற நமக்கு இது விளங்கும்.

அசனத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் எங்கள் கடைக்கும் பங்கு உண்டு. நான் இளைஞனாக இருந்தபோது ஒரு தோட்டத்து உபதேசியார் எங்கள் அப்பாவிடம் வந்து இரண்டு அண்டா வாடகைக்குக் கேட்டார். “கறி சமைக்கிறதுக்குக் குடுக்கிறதில்லை” என்றார் அப்பா. “ஆடு இல்லாம அசனமா முதலாளி?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சங்கடம். வியாபாரம் போச்சே என்பதல்ல, பக்கத்து மனிதரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோமே என்று.

அடுத்த வருஷம் அவரே மறுபடி வந்தார். “சோத்துக்கும் சாம்பாருக்கும் மட்டும் குடுங்க முதலாளி. சுண்ணாம்பு பூசி வச்சிருவோம். அடுப்பும் தனி.” அப்பா கொடுத்தார். வாடகையில் காலணாவும் குறைக்கவில்லை. தானம் வேறு, கடை வேறு என்பது அவர் கொள்கை. உபதேசியார் இன்னொன்றும் சொன்னார்: “நீங்க பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டீங்கன்னு தெரியும். முதல் பந்தி வெளிச்சத்திலேயே போட்டுருவோம், வாங்க.”

போனோம். கோயில் முன்னால் அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்துகொண்டிருந்தது. காணிக்கையாக வந்த கோழி, முட்டை, வாழைத்தார், சேனை. ஒரு முட்டையை ஆளாளுக்கு விலை ஏற்றி, கடையில் ஒரு டஜன் வாங்குகிற காசுக்கு எடுத்து, எடுத்தவரே மறுபடி காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். லாபத்துக்கு யாரும் கேட்காத ஏலத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அப்பா கைகட்டி நின்றார். ஒரு பூசணிக்காய் வந்தபோது கையை உயர்த்தினார். இன்னொருவர் ஏற்றினார். அப்பாவும் ஏற்றினார். ஈயம் பூசக் கூலி கேட்டால் அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்!

முதல் பந்தியில் உட்கார்ந்து வெறுஞ்சோறும் தயிரும் மட்டும் வாங்கிக்கொண்டார். இடப்பக்கம் உபதேசியார், வலப்பக்கம் வாட்ச்மேன். இருட்டுமுன் ஜீப்பில் திரும்பினோம், மடியில் பூசணிக்காய். வீட்டில் அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன விலை?” என்று கேட்டார். அப்பா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார்.