இரவுக் கண்காணிப்பும் ஆதாரும்: இந்தியாவில் அந்தரங்க உரிமையின் வரலாறு

இந்தியாவில் அந்தரங்க உரிமை குறித்த விவாதம் கணினிக்கு முன்பே, காவல் நிலையப் பதிவேட்டில் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் கொள்ளை வழக்கொன்றில் சேர்க்கப்பட்டு, சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். எனினும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு தொடங்கியது. காவலர் இரவில் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். 1962இல் உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் அமர்வு அவ்விரவு வருகையை மட்டும் செல்லாது என்றது; அந்தரங்கம் அரசியலமைப்பு உறுதியளித்த உரிமையன்று எனப் பெரும்பான்மையோர் கருதினர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு, அந்தரங்கம் தனிமனிதச் சுதந்திரத்தின் இன்றியமையாக் கூறு என எழுதினார்.

ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், ஒன்றிய அரசு இப்பழைய தீர்ப்பையும் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றையும் அரணாகக் கொண்டது. 24.08.2017 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அவ்வரணைத் தகர்த்தனர். ஆயினும் 2018ஆம் ஆண்டின் ஆதார் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் அவ்வெண்ணைக் கோருவதைத் தடுத்ததேயன்றி, அரசு மானியங்களுக்கு அதனைக் கட்டாயமாக்க இசைந்தது. உழைப்பால் ரேகை தேய்ந்த கூலித் தொழிலாளிக்கு நியாயவிலைக் கடைக் கருவியின் முன் இவ்வெற்றி எவ்வளவு பயன்பட்டது என்பது ஐயத்திற்குரியதே. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகத் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே விட்டுவைத்துள்ளது.