தமிழகத்து மான்வேட்டை: வில்லும் நெம்புத் துப்பாக்கியும்

ஆழ்வார்பேட்டையினின்று தெற்கு நோக்கிச் சென்று அடையாற்றைக் கடப்பவர்க்குக் கிண்டிக் காடு எதிர்ப்படும். மாநகரின் நடுவே ஏறத்தாழ 2.7 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் மதில் சூழ நிற்கும் அக்காட்டில் புள்ளிமானும் வெளிமானும் இன்றும் மேய்கின்றன. 1821இல் அரசு விலைக்கு வாங்கிய கிண்டி மாளிகையைச் சூழ்ந்திருந்த நிலம் அது. 1910இல் காப்புக் காடாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலமே மானுக்கு அரணாக மாறிய இம்மாற்றம், தமிழகத்து மான்வேட்டையின் வரலாற்றை ஆராயத் தூண்டுகின்றது. அவ்வரலாறு முழுவதையும் ஈண்டு உரைத்தல் இயலாது. வில்லின் காலத்து வேட்டையையும், நெம்புகோலால் இயங்கும் தொடர்சுடு துப்பாக்கியின் காலத்து வேட்டையையும் ஒப்பிட்டு நோக்குதல் மட்டுமே நமது கருத்தாகும். ஓர் அம்பையே நம்பிய வேட்டைக்கும், அடுத்த தோட்டாவை எப்போதும் உடன் வைத்திருக்கும் வேட்டைக்கும் இடையே உள்ள வேறுபாடு கருவியளவில் நின்றுவிடுவதன்று என்பது நம் துணிபு.

முதற்கண் பெயர்களைக் காண்போம். தொல்காப்பிய மரபியல், புல்வாய், நவ்வி, உழை, மரை எனப் பலவற்றைப் பிரித்துக் கூறுகின்றது. ஆண் இன்னது, பெண் இன்னது, இளமை இன்னது என்பதற்கும் தனித்தனிச் சொல் வகுக்கின்றது. இரலையும் கலையும் ஆண், பிணை பெண், மறி இளமை. இவற்றுள் எது இற்றை விலங்கியலார் கூறும் எவ்வினம் என்பதில் உரையாசிரியர்க்கும் அறிஞர்க்கும் கருத்து ஒன்றுபடவில்லை. குறிப்பாக மரை என்பது பற்றிய வழக்கு முடிந்தபாடில்லை. அது நிற்க. காட்டில் ஒரு மானைக் கண்ட அளவில் அதன் பாலையும் பருவத்தையும் சொல்லால் பிரித்தறிந்த மக்கள், எதனைக் கொல்லலாம், எதனை விடவேண்டும் என்பதையும் பிரித்தறிந்திருத்தல் கூடும் என்பதை மட்டும் இவ்விடத்துக் குறித்துக்கொள்வோம். பின்னர் இது பயன்படும்.

வில்வேட்டைக்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு. கொல்லிமலைத் தலைவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானை உருட்டிப் பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின்மேற் சென்று தைத்தது என்பது செய்தி. இதனை நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததாகக் கொள்வாரும் உளர். அவ்வாறு கொள்ளுதல் புலவர்க்கும் பொருந்தாது, வில்லுக்கும் பொருந்தாது. ஆயினும் புலவர் புகழ எடுத்துக்கொண்ட பொருள் யாது என நோக்கவேண்டும். எத்தனை அம்பு விடுத்தான் என்பதன்று, ஓரம்பு எத்துணைத் திறம்பட விடுத்தான் என்பதே ஆண்டுப் புகழாயிற்று.

இனி, உண்மை வேட்டை இத்துணை எளிதாக முடிவதன்று. அம்பு பட்ட மான் பட்ட இடத்திலேயே வீழ்வது அரிது. நுரையீரலில் தைத்தாலும் சிறிது தொலைவு ஓடியே வீழும். வயிற்றிலோ தொடையிலோ தைத்தால் நெடுந்தொலைவு போய்விடும். வேட்டுவன் குருதித் துளியையும் குளம்படியையும் மிதிபட்ட புல்லையும் பற்றிக்கொண்டு அதனைத் தொடர்தல் வேண்டும். வேட்டையின் பெரும்பகுதி இத்தொடர்தலே. எய்தல் ஒரு நொடி. தேடல் ஒரு பகல்.

அகப்பொருள் துறைகளுள் ஒன்று இவ்வுண்மையின் மீதே எழுந்தது என்பது நமது கருத்து. திருக்கோவையாரில் மதியுடம்படுத்தற் பகுதியில் ‘கலைமான் வினாதல்’ என்று ஒரு துறை உண்டு. தினைப்புனத்து நிற்கும் தலைவியையும் தோழியையும் அணுகிய தலைவன், அம்பு தைத்த புண்ணோடு ஒரு கலைமான் இவ்வழி வந்தது உண்டோ எனக் கேட்கின்றான். குறிஞ்சிப்பாட்டிலும் நாய்கள் சூழ வில்லேந்தி வந்த தலைவன், தன் கையினின்று தப்பிப்போன விலங்கைப் பற்றி மகளிரை வினவுகின்றான். நம்பியகப்பொருள் இதனைக் ‘கெடுதி வினாதல்’ எனப் பெயரிட்டு வகைப்படுத்தும். கெடுதியாவது காணாமற் போன பொருள். தலைவன் உள்ளத்தே தேடுவது மானையன்று என்பதைத் தோழி உணர்ந்துகொள்கிறாள். அவள் உணரவேண்டும் என்பதே அவன் நோக்கமும் ஆகும். ஆயினும் அவ்வினா ஒரு பொய்ம்மொழியாக நிற்பதற்கு, அது நாள்தோறும் மெய்யாகவே கேட்கப்பட்ட வினாவாக இருத்தல் வேண்டும் அன்றோ? புண்பட்ட மானைத் தேடி வேற்றூர்ப் புனத்துள் ஒருவன் நுழைதல் ஐயத்துக்கு இடமில்லாத இயல்பான செயலாக இருந்தமையாலேயே காதலன் அதனைப் போர்வையாகக் கொண்டான். இலக்கியத்தை வரலாற்றுக்குச் சான்றாக்கும்போது, பாட்டு என்ன சொல்கிறது என்பதோடு, அது எதனைச் சொல்லாமலே நம்பிக்கொண்டது என்பதையும் நோக்குதல் நன்று.

துப்பாக்கி வந்த வரலாற்றை விரைந்து கடப்போம். அச்சொல்லே துருக்கியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாகத் தென்னாட்டு மொழிகளுட் புகுந்தது. தோட்டா உருதுவினின்று வந்தது. ஆயினும் மக்கள் வெடிப்பொடியை மருந்து என்றும், சுத்தியலாக அடிக்கும் உறுப்பைக் குதிரை என்றும் தம் சொல்லாலேயே வழங்கினர். நாட்டுத்துப்பாக்கி எனப்பட்டது வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக்குழற் கருவி. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு இடிப்பதற்குள் மான் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆதலின் நாட்டுத்துப்பாக்கியின் வேட்டை, ஓசையாலும் புகையாலும் வேறுபட்டதேயன்றி முறையால் வில்வேட்டையின் தொடர்ச்சியே எனலாம். ஓர் அடி, பின்னர்த் தேடல்.

இம்முறையை மாற்றியது அமெரிக்காவில் தோன்றிய நெம்புத் துப்பாக்கி. 1860இல் என்றி என்பார் பெயரால் வந்த கருவியும், 1866இல் வின்செஸ்டர் பெயர் தாங்கி வந்த முதற்கருவியும் இதற்கு அடிகோலின. விசைக்குக் கீழே விரல்களை நுழைக்கும் வளையமாக அமைந்த நெம்புகோலை முன்னே தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும், குதிரை ஏறும். பின்னே இழுத்தால் புதுத் தோட்டா குழலுட் புகும். தோளினின்று துப்பாக்கியை எடுக்காமலே மீண்டும் சுடலாம். முதற்கருவிகளில் தோட்டாக்கள் குழலின் அடியில் மற்றொரு குழாயினுள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றன் முனை முன்னதன் அடியிலுள்ள வெடிக்கும் பொட்டைத் தொட்டுக்கொண்டிருக்குமாதலின் கூர்முனைக் குண்டு இடுதல் பேரிடராகும். மழுங்கிய முனையே ஏற்றது. சான் பிரௌனிங் வகுத்த 1894ஆம் ஆண்டுக் கருவியும் குழாய் அமைப்பினதே. 70 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அது, அமெரிக்கக் காடுகளில் மான்வேட்டைக்குரிய கருவி என்றே பெயர் பெற்றது. அவரே வகுத்த 1895ஆம் ஆண்டுக் கருவி பெட்டியறை அமைப்பை மேற்கொண்டு அக்குறையை நீக்கியது. 1904இல் அதற்கென வந்த 405 எண் தோட்டா 300 கிரெயின் எடையுள்ள குண்டினை உடையது. மானுக்கு அது வேண்டியதற்கும் மிகை.

இந்தியாவில் வேட்டையாடிய ஆங்கிலேயர் பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கியையும், தாழ்ப்பாளை இழுத்து இயக்கும் துப்பாக்கியையுமே விரும்பினர். தமிழகக் காடுகளோடு நெம்புத் துப்பாக்கியைப் பிணைத்தவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974). அவர் கையிலிருந்தது 405 எண் வின்செஸ்டரே. அந்நாளைச் சேலம் மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் முதலிய இடங்கள் அவர் நூல்களால் உலகறிந்தன. 1954இல் வெளிவந்த அவரது முதல் நூல் ஆட்கொல்லி விலங்குகளைப் பற்றியது. மான் அவர்க்கு இலக்கன்று, காட்டின் அழகு. புலியின் வரவை எச்சரிக்கும் மானின் குரலுக்கு அவர் செவிசாய்த்ததே மிகுதி.

நெம்புத் துப்பாக்கியால் மான்வேட்டைக்கு விளைந்தது நன்மையா தீமையா? ஒருபுடை நன்மையே எனல் வேண்டும். முதற்குண்டு தவறிப் புண்பட்டு நிற்கும் மானை மறுகுண்டால் உடனே வீழ்த்துதல், அது முட்புதரில் கிடந்து இரண்டு நாள் துன்புறுவதினும் அருளுடைத்து. ஆயின் அடுத்த தோட்டா உண்டு என்னும் எண்ணமே முதற்குண்டைப் பொறுப்பின்றி விடத் தூண்டும். ஓடும் கூட்டத்தினுள் நாலைந்து முறை சுடுவோன் எத்தனை மானைப் புண்படுத்தினான் என்பதை அறியான். வீழ்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போவான். வினாவுதற்கு அவனுக்குக் கெடுதி இல்லை. கருவி விரைவுபெற்றபோது தளர்ந்தது தொடர்தல் என்னும் கடமையே.

அடுத்து, வேட்டைக்கு வரம்பு கண்டவர் ஆங்கிலேயரே என்னும் கூற்றை ஆராய்வோம். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றிற்று. 1879ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் நீலகிரியில் கடமான் உள்ளிட்ட மான்வகைகளைக் கொல்லலாகாத பருவத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அவர்கள் கேளையாட்டைக் ‘காட்டுச் செம்மறி’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கினர். காட்டாடு என்னும் தமிழ்ப்பெயரே அவ்வாறு மொழிபெயர்ந்தது போலும். இச்சட்டம் பயன் விளைத்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் வரம்பு என்னும் கருத்து அதற்கு முற்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், திண்ணனாரின் கன்னிவேட்டையைப் பாடுமிடத்து, அவ்வேட்டுவர் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை, சிறு குருளைகளைக் கொல்லவில்லை, கருவுற்று அடிதளர்ந்த பிணைகளை வருத்தவில்லை என்று எடுத்துரைக்கின்றார். இது சட்டமன்று, காப்பியப் புலவர் காட்டும் நெறி என்பர். உண்மையே. எனினும் நெறியை அறியாத நாட்டில் புலவர் அதனைப் புனைந்துரைத்தாலும் கேட்போர்க்கு விளங்காது. மரபியல் பிணையையும் மறியையும் பிரித்த நுட்பத்தோடு இதனை வைத்து எண்ணுக.

சட்டத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், மானின் அடிச்சுவடு பதிந்த வழியருகே, விலங்குகள் நீருண்ண வரும் குழியையடுத்து அகழ்ந்த பள்ளத்துள் ஒளிந்து, நள்ளிரவில் பன்றியின் வரவை நோக்கியிருக்கின்றனர். அவ்வேட்டம் வாய்க்காவிடின் பகலில் நாயொடு சென்று வலைகட்டி முயல் பிடிக்கின்றனர். புலவர் இதனை அவர்தம் வாழ்வாகவே பாடினார், பழித்தாரல்லர். ஆண்டர்சன் நூல்களிலும் நீர்நிலையருகே நாட்டுத்துப்பாக்கியோடு இரவில் ஒளிந்து மானைச் சுடுவோர் மீண்டும் மீண்டும் வருகின்றனர். இடம் அதுவே, பொழுதும் அதுவே, பதுங்கும் முறையும் அதுவே. பெயர் மட்டும் கள்ளவேட்டை. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்நாட்டவர்க்கு உரிமம் வேண்டும் என்று விதித்து, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது என்பதையும் உடன் நோக்கவேண்டும். தொடர்சுடு துப்பாக்கி ஏந்தியவன் வேட்டைக்காரனாகவும், ஒருமுறை சுட்டு ஒருநாள் தேடியவன் கள்வனாகவும் ஏட்டில் பதிவாயினர். நீர்த்துறையில் ஒளிந்து கொல்லுதல் கூட்டத்தையே அழிக்கும் என ஆண்டர்சன் வருந்தியது பொருளற்றதன்று. காடு சுருங்கிய காலத்தில் எயினர் முறையும் கேடாகவே முடியும். ஆயினும் அக்காட்டைச் சுருக்கியவர் எயினரல்லர்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இடம்பெற்றது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் மான்வேட்டைக்கு எஞ்சியிருந்த உரிமவழியையும் அடைத்துவிட்டது. அதனோடு வில்லுக்கும் நெம்புத் துப்பாக்கிக்கும் இருந்த வழக்கும் காட்டினின்று நீங்கிற்று. ஏட்டில் மட்டும் அது தீர்ந்தது வேறுவகையில்: துப்பாக்கி இந்நாட்டில் பரவிய பின்னரும் கோவைகள் எழுந்தன, நாம் கண்ட கோவைகளில் தலைவன் கையில் உள்ளது அம்பே, அவன் கேட்பதும் புண்பட்ட கலைமானையே.