விளக்கும் வில்லையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கல்வீடுகளிலே, முன்விறாந்தைச் சுவரில் மாட்டப்பெற்ற குடும்பப் படங்களை உற்று நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். அப்படங்களில் இருப்போர் சிரிப்பது அரிது. பெரியவர் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றியிருப்பார். அருகில் நிற்கும் அம்மையாரின் கை அந்நாற்காலியின் முதுகிலே ஊன்றியிருக்கும். நம் முன்னோர் சிரிக்க அறியாதவர் என இதனாற் கொள்ளுதல் தவறு. அவர்கள் அசையாதிருக்க முயன்றனர்; முறுவலைக் கலையாமற் காப்பதினும் வாயை மூடியிருத்தல் எளிது.

1839ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் நிழற்படக் கலை உலகறிய வெளியிடப்பட்டபோது, படத்தகடு ஒளியை மெல்லவே பருகிற்று. வெயிலிற்கூட நிமிடக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்தது. தகடுகள் திருந்திய பின்னரும் போதிய ஒளி பெறுதலே படம் பிடிப்போரின் பெருங்கவலையாயிற்று. 1870ஆம் ஆண்டையொட்டி அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படமெடுத்த யோசெப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடித் தகடுகளையும் இரசாயனப் பொருள்களையும் காட்டுவழியே சுமப்பித்துச் சென்று, பகலொளியை நம்பியே தம் பணியை முடித்தார். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய குழுப்படங்கள் பெரும்பாலும் கட்டடத்தின் முன்னே, திறந்த வெளியில் எடுக்கப்பட்டமைக்கும் காரணம் இதுவே. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டிலே பகற்படம் எளிதாயிற்று. ஆனால் நம்மவரின் வாழ்வில் நினைக்கத்தக்கன பல இரவிலன்றோ நிகழ்கின்றன! இரவு முகூர்த்தத் திருமணமும் சப்பறத் திருவிழாவும் விடிய விடிய நடக்கும் கூத்தும் கமராவுக்கு எட்டாதனவாயிருந்தன.

1864இல் மக்னீசியக் கம்பியை எரித்து அதன் வெள்ளொளியிற் படமெடுத்தனர். அடுத்த ஆண்டே அவ்வொளியின் துணைகொண்டு எகிப்தியப் பிரமிட்டின் உள்ளறை படமாக்கப்பட்டது. 1887இல் செருமானியர் இருவர் மக்னீசியத் தூளுடன் வேறு மருந்துகளைக் கலந்து, ஒரு நொடியிற் பளிச்சிட்டெரியும் தூளை ஆக்கினர். அது ஒளியோடு புகையையும் வெடியோசையையும் தந்தது. கைகளைச் சுட்டதும் உண்டு. புகைப்படம் என்னும் பெயர் அத்தூளால் எடுத்த படத்துக்குப் பொருந்திய அளவு வேறெதற்கும் பொருந்தியிராது. 1929இல் வந்த பிளாஷ் குமிழ் புகையை ஒழித்தது. ஆயினும் ஒரு படத்துக்கு ஒரு குமிழ் எரிந்துபோகும். 1931இல் அமெரிக்காவின் எட்கேட்டன் என்னும் பொறியியலாளர் மின்னொளிக் குழாயைப் படப்பிடிப்புக்குப் பயன்படுத்தினார். மீண்டும் மீண்டும் மின்னும் பிளாஷ் அவ்வழி வந்ததே.

அந்தப் பிளாஷுக்கு வேண்டுவது பற்றரி. யாழ்ப்பாணத்தின் கதையிலே அச்சிறு பொருளின் இடம் பெரிது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாடு தேசிய மின்வலையினின்று துண்டுபட்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று, மண்ணெண்ணெய் அருமருந்தாயிற்று. ஜாம் போத்தலிற் பஞ்சுத்திரியிட்டுச் சிறு சுடரேற்றி மாணவர் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவை ஒருவர் சுழற்ற, மற்றையோர் வானொலிச் செய்தி கேட்டனர். விளக்குக்கே எண்ணெயில்லாத வீட்டிற் பிளாஷுக்கு ஏது வழி?

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறினர். கையிலெடுத்தவை சில, விட்டுச் சென்றவை பல. சுவரில் மாட்டிய படங்கள் பெரும்பாலும் சுவரிலேயே இருந்தன. திரும்பி வந்தபோது சிலருக்குப் படமில்லை, சிலருக்குச் சுவருமில்லை. இதனால், 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் சிறு படமோ, பாடசாலைக் குழுப்படத்தில் ஒரு முகமோ மட்டும் எஞ்சிய குடும்பங்கள் உண்டு. காணாமற்போன மகனைத் தேடும் தாய் கையிலேந்தியிருப்பதும் அத்தகைய ஒரு படத்தைப் பெருப்பித்ததாயிருத்தல் கூடும்.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே கைத்தொலைபேசி குடாநாட்டிற் பரவலாயிற்று. 2000ஆம் ஆண்டு யப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கமராத் தொலைபேசியின் படத்தில் ஏறத்தாழ 110,000 புள்ளிகளே இருந்தன. இன்றோ கோடிக்கணக்கான புள்ளிகளைச் சொல்லி விற்கின்றனர். அவ்வெண் ஒன்றையே பார்த்து வாங்குவோர் ஏமாறுவது வியப்பன்று. ஒளியை ஏற்கும் உணரி சிறிதாயின், புள்ளிகளைப் பெருக்குவதால் இருளிற் பெரும் பயனில்லை. வில்லையின் வாயளவும் நோக்கற்பாலது. 1.8 எனக் குறித்த வில்லை, 2.4 எனக் குறித்ததைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஒளியை உள்ளே விடும். இங்கே சிறிய எண்ணே பெரிய வாய்.

பிளாஷிலும் வேறுபாடு உண்டு. 2006 முதல் 2013 வரை வந்த சில தொலைபேசிகளில் எட்கேட்டன் வழிவந்த மின்னொளிக் குழாயே இருந்தது. அது கணப்பொழுதில் மின்னி, ஓடும் குழந்தையையும் நிறுத்திப் பிடித்தது. மெல்லிய தொலைபேசியை விரும்பிய உலகம் அதனைக் கைவிட்டு, எல்.ஈ.டி. என்னும் சிறு விளக்கை ஏற்றது. இதன் ஒளி இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் வலுவிழக்கும்; தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும் என்பது பௌதிகம். திருவிழாக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பிளாஷை மின்னவிட்டால், முன்னே நிற்பவரின் பிடரி ஒளிபெறும். சுவாமி இருளிலேயே இருப்பார். பல படங்களை ஒன்றாக்கும் இரவுமுறை அசையாப் பொருளுக்கு நன்று. ஓடும் குழந்தையை மங்கலாக்கிவிடும். ஆதலாற் கடையின் பேரொளியில் எடுத்த படத்தைக் கண்டு மயங்காது, மேசைக்கடியிலோ மூலையிலோ ஒரு படமெடுத்துப் பார்த்து வாங்குதல் தகும்.

எஞ்சிய பழம்படங்களைப் பிரதிசெய்வதற்கும் இன்று இக்கருவியே பயன்படுகிறது. அங்கே பிளாஷ் பகை. பளபளப்பான தாளிலும் சட்டக் கண்ணாடியிலும் அது வெண்புள்ளியாய்த் தெறித்து, முகத்தை மறைத்துவிடும். படத்தைச் சட்டத்தினின்று கழற்றி, நேர்வெயில் படாத யன்னலருகே சமமாக வைத்து, மேலிருந்து அசையாமற் பிடித்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிக்கோ விளக்கைப் பக்கவாட்டிற் தாழ்த்திப் பிடித்தால், எழுத்தாணி கீறிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துத் தெளியும். குழுப்படத்தின் மூன்றாம் வரிசையில் நெல்மணியளவாய் நிற்கும் ஒரு முகத்தைப் பெருப்பிக்க விரும்புவோர், முழுப்படத்தை ஒருமுறையும் அம்முகத்தைத் தனியே நெருங்கி மறுமுறையும் எடுத்து, இரண்டையும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கின்றனர்.