மஞ்சக்குப்பத்து வழக்கு

1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகளுக்கு, இரண்டே ஆண்டுகளில், கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேர்ந்தது. வழக்குத் தொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் 1867இல் வெளிவந்ததால் மூண்ட பூசல் அது. தேவார திருவாசகங்களே அருட்பா, இவை மருட்பா என்பது நாவலர் கட்சி. சிதம்பரத்துக் கூட்டமொன்றில் தம்மை இழித்துப் பேசினர் என்பது அவர் முறையீடு.

அவருக்குக் கைகொடுத்தது 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 499ஆம் பிரிவு அவதூறை வரையறுத்தது; 500ஆம் பிரிவு இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது. அருளா மருளா என்பது அச்சட்டத்தின் கேள்வியன்று. இன்னார் இன்ன சொல்லைச் சொன்னாரா, என்ன கருத்தோடு சொன்னார் என்பதே கேள்வி. அடிகள் குற்றச்சாட்டை மறுத்தார்; விடுவிக்கப்பட்டார். உடன் நின்ற தீட்சிதர் ஒருவர் அபராதத்துக்கு உள்ளானார் என்று நாவலர் தரப்பினர் எழுதினர்.

வடலூர் அன்பர்கள் சொல்வது வேறு. அடிகள் நுழைந்ததும் அவையோர் எழுந்தனர், நாவலரும் எழுந்தார், வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று என்பர். அழகிய கதைதான். ஆனால் கூண்டில் நிற்பவரைக் காப்பது அவருடைய பெருமையே என்றால், பெருமையற்ற எளியவரின் கதி என்ன? அடிகளை விடுவித்தது மறுப்பும் விசாரணையும் என்று கொள்வதே எளியவருக்கும் நம்பிக்கை தரும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவதூறு குற்றமே. உச்சத் தண்டனை அதே இரண்டாண்டு.